பனைமுடி அந்தாதி

கடலுக்கும் உப்பளத்துக்கும் நடுவே, இரண்டு மைல்கற்களுக்குள் அடங்கிக் கிடக்கிற பனைமுடி என்ற ஊரில், ஓர் ஐப்பசி மாதத்துப் புதன்கிழமை காலை, பால் வண்டி போன பிறகு, பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்னால், எல்லோருடைய பேச்சும் அந்தாதியாக மாறிப்போனது.

அது முதலில் தெரிந்தது பேருந்து நிலையத்தில். கருவாட்டுக் கூடையோடு ஏறப்போன ஆரோக்கியமேரியிடம் நடத்துநர், “எங்கம்மா இறங்கணும்?” என்று கேட்டார். சந்தை என்று சொல்ல ஆரோக்கியமேரி வாயைத் திறந்தாள். வரவில்லை. நாக்கு வலிக்கவில்லை, மரத்துப்போகவும் இல்லை; நனைந்த துணியைப் போலச் சும்மா கிடந்தது. பிறகு அதுவாகவே புரண்டு கொடுத்தது.

“இறங்கணும்னா சந்தையிலதான் இறங்கணும். கருவாட்டுக் கூடையத் தூக்கிட்டுக் கச்சேரிக்கா போவேன்?”

“போவேன் வருவேன்னு வாசல்ல நிக்காம மேல ஏறு.”

“ஏறத்தானே நிக்கேன், உம்ம காலை எடும்.”

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அப்படி ஆகிவிட்டது. ஒருவர் பேச்சின் கடைசிச் சொல் எதுவோ, அதுதான் பதில் சொல்கிறவர் பேச்சின் முதல் சொல். சொல்லின் வால் கொஞ்சம் மாறலாம், தலை மாறக் கூடாது. யாரும் உங்களிடம் ஒன்றும் சொல்லாதபோது நீங்கள் எந்தச் சொல்லிலும் தொடங்கலாம். சொன்னது சரி என்று பட்டால், சொன்னவர் கண் முன்னால் ஒரு முறை தலையை அசைத்துவிட்டால் போதும், சொல் இறங்கிவிடும். தலையையும் அசைக்காமல் பதிலும் சொல்லாமல் போனால், அந்தச் சொல் வாய்க்குள்ளேயே குந்திக்கொள்ளும். அதைக் கொடுத்தவரிடமே திருப்பிச் சொல்லும்வரை, வேறு எவரிடமும் ஒரு வார்த்தை பேச முடியாது.

மேல்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஞானதிரவியம்தான் இதற்குப் பெயர் சொன்னார். இருபத்தேழு வருடங்களாக அவர் பரீட்சைத் தாளில் கேட்டுவந்த இரண்டு மதிப்பெண் கேள்வி, இப்போது கறிக்கடைக்காரர் வாயிலிருந்து அவரிடமே திரும்பி வந்தது.

“வாத்தியாரே, இதுக்கு மருந்து உண்டா?”

“உண்டான்னு கேக்கவே வேண்டாம். இது நோய் இல்ல, அந்தாதி.”

“அந்தாதியோ என்ன எழவோ, வேலை நேரத்துல மனுசனைப் பேச விடுமா?”

“விடும். அடுத்தவன் பேசி முடிக்கிற வரைக்கும் காது கொடுத்தா விடும்.”

அதுதான் பனைமுடிக்குப் புதிதாக இருந்தது. அதற்கு முன் அந்த ஊரில் யாரும் யார் பேச்சையும் கடைசிவரை கேட்டதில்லை. இப்போது கேட்டார்கள், வேறு வழி இல்லாததால் கேட்டார்கள், கேட்டுக் கேட்டுப் பழகிக்கொண்டார்கள், பழகியதும் அதில் பிழைப்பு நடத்தவும் கற்றுக்கொண்டார்கள். ஆரோக்கியமேரி தன் பேச்சு ஒவ்வொன்றையும் “வாங்கிக்கோ” என்று முடித்தாள். எதிரே நின்றவர்கள் “வாங்கிக்கிடுதேன்” என்று தொடங்கிய பிறகு கூச்சப்பட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். தெருக்குழாயடியில் வசவுகள் குறைந்தன, ஏனென்றால் கடைசியாகச் சொன்ன வசவு பதிலின் முதல் சொல்லாக அப்படியே சொன்னவர் முகத்துக்குத் திரும்பி வந்தது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் விளையாட்டாக இருந்தது. அவர்கள் மைதானத்தில் காலை தொடங்கிய ஒரே பேச்சை, சொல் அறுந்துபோகாமல், சாயங்காலம் வரைக்கும் நீட்டிக்கொண்டு போனார்கள். மளிகைக் கடை சிவனணைந்தானிடம் அவர் மனைவி, “எல்லாம் உங்க தப்பு” என்று சொல்லிவிட்டுப் போக, அவர் அந்தத் தப்பை எடுக்க மனமில்லாமல் மதுரைக்குப் பேருந்து ஏறி, மைல்கல்லைத் தாண்டினால் சரியாகிவிடும் என்று நம்பி, மதுரையிலும் ஊமையாக நான்கு நாள் சுற்றி, ஐந்தாம் நாள் வீடு திரும்பி, அடுக்களை வாசலில் நின்று “தப்பு என்னோடதுதான்” என்று சொன்ன பிறகே கடையில் பருப்பு விலையைச் சொல்ல முடிந்தது.

பெண் பார்க்க வந்த வீட்டார் பெண்ணிடம், “சொல்லும்மா, உனக்குச் சம்மதமா?” என்று கேட்டார்கள். பெண் “சம்மதம்” என்றுதான் தொடங்க முடியும். தொடங்கியதும் பெரியவர்கள் எழுந்து தாம்பூலம் மாற்றிக்கொண்டார்கள். சம்மதம் என்ற சொல்லுக்குப் பிறகு அவள் என்ன சொன்னாள் என்று கேட்க அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

முதல் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிற இந்தத் தந்திரத்தை, ஒன்றிய அலுவலகம் கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகவில்லை.

ஒன்றிய அலுவலகத்தில் செவ்வாய்க்கிழமைதோறும் மக்கள் குறை கேட்க, மாவட்டத் தலைநகரிலிருந்து வெள்ளை ஜீப்பில் வந்தவர் விசாரணை அலுவலர் வைகுந்தநாதன். அவர் யாரையும் அதட்டியதில்லை. யாரிடமும் கை நீட்டியதில்லை. வெளுத்த சட்டை, அடங்கிய குரல், எதற்கும் ஒரு புன்னகை. பனைமுடியில் பேச்சு நீண்டுபோனதால் நேரம் வீணாகிறது என்று சொல்லி, அவர் ஒரு புதுப் படிவம் போட்டார். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்றின் தலைப்பு ‘மனுதாரர் முதலில் கூறியது’. மற்றதன் தலைப்பு ‘அலுவலர் முதலில் கூறியது’. இரண்டும் இரண்டு விரல் அகலம். ஒரு சொல்லுக்கு மேல் பிடிக்காது. வரவேற்பு கணக்கில் இல்லை; மனுதாரர் சொன்னதற்குப் பதிலாக அலுவலர் எடுக்கிற முதல் சொல்தான் இரண்டாவது கட்டத்துக்கு. அந்த ஒரு சொல்லை எழுதுவதற்காகப் பாக்கியவதி என்ற எழுத்தர் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கட்டங்களில் உள்ளதை வைத்துத்தான் மூன்றாவது வரியில் முடிவு எழுத வேண்டும் என்பது விதி. விதியையும் வைகுந்தநாதன்தான் போட்டார்.

அந்த அலுவலகத்துக்குத்தான் சந்தனமாரி போனாள்.

சந்தனமாரி கீழத் தெருவில் தையற்கடை வைத்திருந்தாள். ரவிக்கையும் பள்ளிச் சீருடையும் தைப்பாள். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் சேலையில் ஒரு தொட்டில் தொங்கியது; அதில் அவள் தங்கை முப்பிடாதியின் ஐந்து மாதக் குழந்தை பூரணி கிடந்தாள். முப்பிடாதி உயிரோடு இல்லை. அவள் புருஷன் ஆழ்கடல் விசைப்படகில் மாதம் முழுக்கக் கடலில் இருந்தான்.

ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், மத்தியானம் பன்னிரண்டரை மணிக்கு, இடுப்பு வலி எடுத்த முப்பிடாதியைச் சந்தனமாரி ஆட்டோவில் ஏற்றி ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இரும்புக் கதவில் கைமுட்டி அளவுக்கு ஒரு பூட்டுத் தொங்கியது. டாக்டரும் இரண்டு நர்சுகளும் காவலாளியும் அவசர ஊர்தியும் அன்று மாவட்டத் தலைநகரில் இருந்தார்கள். அங்கே ‘சுகாதாரத் திருவிழா’ என்று ஒரு விழா நடந்தது, பந்தலில் நாற்காலிகள் காலியாகத் தெரியக் கூடாது, எல்லா ஊர் ஆஸ்பத்திரி ஊழியர்களும் சீருடையோடு வந்து உட்கார வேண்டும் என்று உத்தரவு போயிருந்தது. பக்கத்து ஊருக்குக் கொண்டுபோக முப்பிடாதியின் உடம்பு இடம் கொடுக்கவில்லை. பெண்கள் சுற்றிச் சேலை பிடிக்க, வேப்பமரத்து நிழலில், மூன்று நாற்பதுக்குப் பூரணி பிறந்தாள். ரத்தம் நிற்கவில்லை. ஐந்து பத்துக்கு அவர்கள் விழாவிலிருந்து திரும்பி வந்து கதவைத் திறந்தார்கள், கையில் விழாவில் கொடுத்த துணிப்பை இருந்தது. ஐந்து இருபதுக்கு முப்பிடாதி போய்விட்டாள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இப்படி எழுதினார்கள்: ‘முப்பிடாதி, வயது 24. தாமதமாக வந்தார்.’

சந்தனமாரிக்கு வேறு எதுவும் வேண்டாம். அந்த ஒரு வரி போக வேண்டும். அது இருந்த இடத்தில் ‘கதவு பூட்டியிருந்தது’ என்று இருக்க வேண்டும். நாளைக்குப் பூரணிக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்த பிறகு, என்றைக்காவது ஒரு நாள் அவள் கைக்கு அந்தத் தாள் வரும். உன் அம்மா தாமதமாக வந்ததால் செத்தாள் என்று அது அவளிடம் சொல்லும். வாழ்ந்த இருபத்து நான்கு வருடத்தில் ஒரு காரியத்துக்கும் பிந்திப் போகாதவளைப் பற்றி அப்படி ஒரு வரி நிற்பதை நினைக்கும்போதெல்லாம், சந்தனமாரி வெட்டிக்கொண்டிருந்த துணியைப் பாதியில் விட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

கார்த்திகை முதல் செவ்வாயில் அவள் முறை வந்தது. வைகுந்தநாதன் மனுவைப் பார்த்தார், புன்னகைத்தார்.

“படிச்சேன் அம்மா, ரொம்ப வருத்தமா இருக்கு. இவ்வளவு தூரம் வந்ததுக்கு நன்றி.”

“நன்றி வாங்க நான் வரலீங்க. என் தங்கச்சி பிந்தி வரல. பன்னிரண்டரைக்கே வந்துட்டா. கதவு பூட்டியிருந்தது ஐயா.”

“ஐயா இருக்கேன், பார்த்துக்கிடுதேன். மனசைத் தேத்திக்கோங்க. நன்றி.”

மணியை அடித்தார். அடுத்த ஆள் வந்து நின்றாயிற்று. சந்தனமாரியின் வாயில் அவர் கொடுத்த நன்றி குந்தியிருந்தது. அப்படியே போனால் அடுத்த செவ்வாய்வரை தொட்டில் பிள்ளையிடம்கூட ஒரு வார்த்தை பேச முடியாது. அவள் தலையை அசைத்தாள். ஒரே ஒரு முறை, கொஞ்சமாக. சொல் இறங்கியது. வீட்டுக்கு வந்தும், சோறு வடித்தும், படுத்தும், அந்தத் தலையசைப்பு அவள் கழுத்தில் சுட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு வாரம் கழித்துப் படிவத்தின் நகல் வந்தது. மனுதாரர் முதலில் கூறியது: நன்றி. அலுவலர் முதலில் கூறியது: ஐயா. முடிவு: மனுதாரர் நன்றி தெரிவித்தார், அலுவலர் மரியாதையுடன் விளித்தார், மனு முடித்துவைக்கப்பட்டது.

சந்தனமாரி அதை மூன்று தடவை படித்தாள். பிறகு தெருவில் இறங்கி வீடு வீடாகப் போய், மனு கொடுத்த ஒவ்வொருவரிடமும் அவரவர் நகலைக் கேட்டு வாங்கினாள். பள்ளிக் கூரை இடிந்ததற்குக் கொடுத்தவர், ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வராததற்குக் கொடுத்தவர், உப்பளத்து லாரி மோதி மகனுக்குக் கால் போனதற்குக் கொடுத்தவர், அறுபத்து மூன்று பேர். அறுபத்து மூன்று தாளிலும் நன்றி, ஐயா. ஒரே அளவுக்கு வெட்டிய அறுபத்து மூன்று சட்டைத் துணி. கால் போன பையனின் தகப்பனும் நன்றி தெரிவித்திருந்தார்.

தாள்கட்டைத் தூக்கிக்கொண்டு அவள் ஞானதிரவியத்தின் வீட்டுக்குப் போனாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு தாளாகப் படித்து, கடைசியில் முகம் மலர்ந்தார்.

“நன்றியில தொடங்கி ஐயாவுல முடியுது, ஐயாவுல தொடங்கி நன்றியில முடியுது. முதலும் முடிவும் வளையமாச் சேந்துடுச்சு பாரும்மா. இதை மண்டலித்தல்னு சொல்லுவோம். பாட்டுல இப்படி அமைஞ்சா ரொம்ப அழகு.”

“அழகா? வாத்தியாரே, அந்த வளையத்துக்குள்ள என் தங்கச்சி கிடக்கா. அவளை வெளிய எடுக்க இலக்கணத்துல வழி இருக்கா?”

“இருக்கான்னு கேட்டா என்ன சொல்ல? இலக்கணம் வழி காட்டாதும்மா. பேருதான் சொல்லும்.”

“சொல்லும், சொல்லும். வீடு பத்தி எரியும்போது தீக்கு என்ன பேருன்னு சொல்லிட்டு உக்காந்திருக்கும்.”

ஞானதிரவியம் தாள்களைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தலையை அசைத்தார். அவருக்கும் வேறு வழி இல்லை.

அவள் கடைக்குத் திரும்பி, அறுபத்து மூன்று தாளையும் வெட்டுமேசையில் பரப்பி வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். முதல் கட்டத்தில் இருக்கிற நன்றியை அவர் நம் வாயில் வைக்கிறார். சரி. இரண்டாவது கட்டத்தில் இருக்கிற ஐயாவை அவர் வாயில் வைத்தது யார்? கூரை இடிஞ்சது ஐயா. மண்ணெண்ணெய் வரல ஐயா. கால் போச்சு ஐயா. கதவு பூட்டியிருந்தது ஐயா. தையல் முடிந்த இடத்தில் யாரும் சொல்லாமலே கை முடிச்சுப் போடுவது போல, பனைமுடியில் அலுவலகத்துக்குள் பேசுகிற எந்த வாக்கியத்தையும் ஐயா போடாமல் யாரும் முடித்ததில்லை. இடிந்ததும் போனதும் பூட்டியதும் அந்த ஐயாவுக்கு உள்ளே நின்றுவிட்டன. எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தது ஐயா மட்டும்தான். அவருக்குப் பிடித்த அந்த ஒரே சொல்லை, ஊரே வரிசையில் நின்று, ஒவ்வொருவராக, அவர் கையில் எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறது.

அவளுக்கு வைகுந்தநாதன்மீது வந்த கோபத்தைவிடத் தன் நாக்கின்மீது வந்த கோபம் பெரிதாக இருந்தது.

ஐயாவை விடுவது எளிதான காரியமாக இல்லை. ஆரோக்கியமேரி மத்தியான வியாபாரம் முடிந்து வந்து, கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, அலுவலர் வேடம் போட்டாள்.

“வந்ததுக்கு நன்றி.”

“நன்றி கிடக்கட்டும். கதவு பூட்டியிருந்தது ஐயா.”

“ஐயாவத் திரும்பவும் போட்டுட்டியே ஏட்டி. நாப்பது தடவ ஆச்சு. அவன் உனக்கு என்ன மாமனா மச்சானா, விட மாட்டேங்க?”

“மாட்டேங்கல மைனி, என்னைய அறியாம வந்து ஒட்டிக்கிடுது.”

“ஒட்டிக்கிட்டா கடிச்சுத் துப்பு.”

அவள் கடித்துத் துப்பினாள். மிஷின் ஓடுகிற சத்தத்தோடு சொல்லிப் பார்த்தாள், மிஷினை நிறுத்திவிட்டுச் சொல்லிப் பார்த்தாள், பூரணிக்குப் பால் புகட்டும்போது சொல்லிப் பார்த்தாள். ஐயா இல்லாமல் நின்ற அந்த வாக்கியம் அவள் காதுக்கே கொக்கி வைக்காத ரவிக்கை போலத் தோன்றியது. அதைப் போட்டுக்கொண்டு எப்படித் தெருவில் போவது என்று கூச்சமாக இருந்தது. ஆறாம் நாள் கூச்சம் போய்விட்டது.

கார்த்திகை மூன்றாம் செவ்வாயில் அவள் புது மனுவோடு போனாள். அறுபத்து மூன்று பேரும் கூடத்தில் இருந்தார்கள்.

“மறுபடியும் வந்திருக்கீங்க” என்றார் வைகுந்தநாதன். “உங்க பொறுமைக்கு நன்றி.”

“நன்றி சொல்லுத மாதிரி எனக்கு ஒண்ணும் நடக்கல. என் தங்கச்சி முப்பிடாதி ஞாயித்துக்கிழமை பன்னிரண்டரை மணிக்கே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தா. கதவு பூட்டியிருந்தது.”

கூடம் முழுக்க மீதிச் சொல்லுக்காகக் காதை நீட்டிக்கொண்டு காத்திருந்தது. அது வரவில்லை. மின்விசிறி சுற்றியது. பின்வரிசையில் ஒருவர் பழக்கதோஷத்தில் “ஐ—” என்று எடுக்க, ஆரோக்கியமேரி அவர் தொடையைப் பிடித்துத் திருகினாள். வைகுந்தநாதன் எப்போதும் போலப் புன்னகைத்து, எப்போதும் போல ‘ஐயா இருக்கேன்’ என்று தொடங்க வாயைத் திறந்தார். அங்கே ஐயா இல்லை. பூட்டியிருந்தது என்பது மட்டும் இருந்தது. பாக்கியவதியின் பேனா இரண்டாவது கட்டத்தின்மேல் நின்றது. தலையை அசைத்தால் அவள் சொன்னது சரி என்று ஊர் முன்னால் ஒப்புக்கொண்டதாகிவிடும். அவர் அந்தப் பேனாவைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார், எழுந்தார், ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை அவர் ஜீப் ஓட்டுநர்தான் தேநீர்க் கடையில் சொன்னார். மைல்கல்லைத் தாண்டியதும் சரியாகிவிடும் என்று அலுவலரும் நினைத்தார், சரியாகவில்லை. வீட்டில் அவர் துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டிக் காப்பி வாங்கிக் குடித்தார். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களை வாசலில் நின்று வாங்க என்று அழைக்க முடியாமல் கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொண்டு நின்றார். டாக்டர்கள் தொண்டைக்குள் விளக்கு அடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அடுத்த செவ்வாய் அவர் பனைமுடிக்கு வரவில்லை. அதற்குள் தலைநகரிலிருந்து ஒரு கடிதம் வந்தது: மாநிலத்திலேயே மிக அதிகமான மனுதாரர்களிடம் நன்றி பெற்ற அலுவலர் என்று அவருக்குக் கேடயம் கொடுக்கப்போகிறார்கள், வெள்ளிக்கிழமை விழா, ஏற்புரை அவசியம்.

ஏற்புரைக்குக் குரல் வேண்டும். குரல் வேண்டுமென்றால் சந்தனமாரியின் முன்னால் வந்து நின்றாக வேண்டும்.

அவர் வந்தார். பதினான்கு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, மப்ளரோடு வந்து உட்கார்ந்தார். வழியெல்லாம் ஜீப்பில் உதட்டை அசைத்து அசைத்து ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார் என்று ஓட்டுநர் பிறகு சொன்னார். பூட்டியிருந்தது என்பதற்கு ஆதாரம் ஏதும் இல்லை, வந்ததற்கு நன்றி. ஒரே மூச்சில், இடைவெளி விடாமல். அவ்வளவுதான். சொல் இறங்கிவிடும், வளையம் மறுபடி சேர்ந்துகொள்ளும்.

கூடத்தில் நிற்க இடம் இல்லை. சந்தனமாரி மேசைக்கு எதிரே நின்றாள். மேசையில் படிவமும், விசாரணைக்காக வரவழைத்த ஆஸ்பத்திரிப் பதிவேடும் இருந்தன. வைகுந்தநாதன் அவளைப் பார்த்தார், மூச்சை இழுத்தார், வாயைத் திறந்தார்.

“பூட்டியிருந்தது—”

பதினான்கு நாள் கிடந்த தொண்டை. அடுத்த சொல்லுக்கு முன்னால் அது வறண்டு, கமறி, இருமலாக உடைந்தது. ஒரே ஒரு இருமல். தையற்காரிக்கு அந்த இடைவெளி போதும்.

“பூட்டியிருந்தது. அதைத்தான் நானும் சொன்னேன், ஊரும் பாத்துச்சு. நீங்களும் இப்ப சொல்லிட்டீங்க. டாக்டரையும் நர்சையும் வண்டியையும் பந்தல்ல நாற்காலி நிரப்ப வரச் சொல்லிட்டு, பிள்ளைத்தாச்சி வாசல்ல கிடந்து துடிக்கையில அந்தக் கதவைப் பூட்ட வெச்சது யாரு?”

வைகுந்தநாதன் இருமி முடித்து, விட்ட இடத்திலிருந்து, ‘என்பதற்கு ஆதாரம்’ என்று தொடர முயன்றார். முடியவில்லை. அந்த வாக்கியம் அவர் கையை விட்டுப் போய்விட்டது. இப்போது வாயில் வேறு சொல் வந்து உட்கார்ந்திருந்தது.

பாக்கியவதி எழுதினாள். மனுதாரர் முதலில் கூறியது: பூட்டியிருந்தது. அலுவலர் முதலில் கூறியது: பூட்டியிருந்தது. இரண்டு விரல் அகலத்தில், இரண்டு கட்டத்திலும், ஒரே சொல். பிறகு அவள் பதிவேட்டை இழுத்து, ஆனி மாதத்துப் பக்கத்தைத் திறந்து, அளவுகோல் வைத்து, தாமதமாக வந்தார் என்பதன்மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தாள். வைகுந்தநாதன் கையை நீட்டி வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். பாக்கியவதியிடம் யாரும் எந்தச் சொல்லையும் விட்டிருக்கவில்லை. அவள் எந்தச் சொல்லிலும் தொடங்கலாம்.

“படிவம் நீங்க போட்டது, விதியும் நீங்க போட்டது” என்றாள், தலை நிமிராமல். “ரெண்டு கட்டத்துல இருக்கிறதுதான் முடிவு. ஏழு வாரமா அப்படித்தான் எழுதிட்டு வாறேன்.”

கோட்டுக்கு மேலே, சின்ன எழுத்தில், புள்ளி ஒன்றும் விடாமல் எழுதினாள்: கதவு பூட்டியிருந்தது.

சந்தனமாரி குனிந்து அதைப் படித்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளைக்கும் விளங்கும்படி இருந்தது. அழுகை வரும் என்று ஐந்து மாதமாக நினைத்திருந்தாள், வரவில்லை. கதவு தன்னாலே பூட்டிக்கொண்டதைப் போல அந்த வரி நின்றது. பூட்டியவர் பேர் அதில் இல்லை. கோபம் இறங்குவதற்குப் பதிலாக, இத்தனை நாள் நிற்க இடமில்லாமல் இருந்தது இப்போது கால் ஊன்றி நின்றது.

பாக்கியவதி படிவத்தில் அடுத்த தாளைத் திருப்பி, தேதி போட்டு, இரண்டாவது கட்டத்தின்மேல் பேனாவைக் கொண்டுவந்து வைத்தாள்.

வைகுந்தநாதன் கூடத்தைப் பார்த்தார். கூரை இடிந்தவர் இருந்தார், மண்ணெண்ணெய் வராதவர் இருந்தார், மகன் கால் போனவர் இருந்தார். யாரும் கை கட்டியிருக்கவில்லை. ஆஸ்பத்திரி ஊழியர்களை விழாப் பந்தலுக்கு வரச் சொன்ன உத்தரவின் நகல் அவருடைய தோல்பைக்குள்ளேயே இருந்தது, கீழே அவர் கையெழுத்தோடு. அவர் சந்தனமாரியின் கண் முன்னால் தலையை அசைத்தார். ஒன்றும் இறங்கவில்லை. இன்னொரு முறை, நன்றாகத் தெரிகிற மாதிரி, ஆழமாக அசைத்தார். ஆமாம் என்றோ சரி என்றோ அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

மனு கொடுக்க வந்தவர்கள் அந்தக் கூடத்தில் உட்காரும் வழக்கம் இல்லை. சந்தனமாரி சுவரோரம் இருந்த நாற்காலியை இழுத்து, மேசைக்கு நேர் எதிரே போட்டு, அதில் உட்கார்ந்தாள். சேலைத் தலைப்பை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். காத்திருக்க அவளுக்கு நேரம் இருந்தது.

வைகுந்தநாதன் வாயைத் திறந்தார். அதற்குள் யாரு என்ற அந்த ஒரு சொல்தான் இருந்தது.